காகிதக் குழந்தையும் கலப்பின மாடும்

ஜெயப்ரியா மரபியல் பாடத்தை வருஷா வருஷம் பட்டாணிச் செடியை வைத்தே நடத்திக்கொண்டிருந்தாள். நெட்டைச் செடி, குட்டைச் செடி, உருண்டை விதை, சுருங்கிய விதை. மூக்கண்டப்பள்ளியை ஒட்டிய அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது படிக்கிற பிள்ளைகளில் ஒருவர்கூடப் பட்டாணிச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த பட்டாணி கல்யாண வீட்டுக் குருமாவில் மிதப்பது. டீச்சராவது பார்த்திருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை, பார்த்ததில்லை என்று அவளும் சொல்லவில்லை. நாகரசம்பட்டியில் மாந்தோப்புக்கு நடுவே வளர்ந்தவள் அவள். விதை போட்டால் தாய்மரத்தைப் போலவே காய்க்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஒட்டுக்கன்று வாங்குவார்கள். அதைச் சொல்லி ஆரம்பித்திருக்கலாம். ஆனால் பரீட்சையில் கேட்பது பட்டாணியைத்தான்.

கிருஷ்ணகிரிக் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். கல்யாணம் மட்டும் அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவாகிவிட்டது. அப்பாவின் அக்கா வந்து எட்டிப் பார்த்து, இவள்தான் என் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதன்படி அத்தை மகன் ஆனந்தையே கட்டிக்கொண்டாள். அவன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஹோஸ் பைப் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தான். நல்ல மனுஷன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளை வந்தபோது, கல்லூரியில் சொந்தத்தில் கல்யாணம் செய்வதைப் பற்றிப் படித்த வரிகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பரிசோதனைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டாள். ஆனந்திடம் வாய் திறக்கவில்லை. திறந்தால், எங்க அம்மாவை என்னன்னு நெனச்சே என்று கேட்பான் என்று நினைத்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, இப்போது வீட்டில் ஒரு சாமானை உடைக்காமல் விடுவதில்லை. அதோடு அந்தப் பேச்சை மனசுக்குள்ளேயே மூடிவிட்டாள். வகுப்பில் அந்தப் பத்தி வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் வேகமாகும்.

ஒரு வருஷம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். சொல்லிக்கொடுப்பதை விடச் செய்ய வைப்பதுதான் முக்கியம் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொடுத்தார்கள். யாரையும் ஒன்றும் செய்ய வைக்கவில்லை. எல்லோரும் சாப்பாடு நன்றாயிருந்தது என்று பேசிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஜெயப்ரியா ஒருத்திதான் சொன்னதை நம்பிவிட்டாள்.

ஆனந்தின் கம்பெனியில் பைப் முனைகளில் தூசி போகாமல் இருக்கச் செருகுகிற பிளாஸ்டிக் மூடிகள் உண்டு. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பல நிறம். அளவு சரியில்லை என்று கழித்தவற்றைக் கேட்டு வாங்கி ஒரு பை நிறைய கொண்டுவந்தான். அவள் ஒவ்வொரு மூடியிலும் ஒரு பக்கம் பெரிய எழுத்து, மறுபக்கம் சின்ன எழுத்து எழுதினாள். பெரிய எழுத்து ஓங்கு பண்பு, சின்ன எழுத்து ஒடுங்கு பண்பு. சிவப்பு மூடி கன்னக்குழி, நீலம் காது மடல், மஞ்சள் சுருட்டை முடி. அம்மாவுக்கு ஒரு செட் மூடி, அப்பாவுக்கு ஒரு செட். இரண்டு பேரும் சுண்டிப் போட வேண்டும். விழுந்த எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்து, பிறக்கிற குழந்தையின் முகத்தைச் சார்ட் பேப்பரில் வரைய வேண்டும். நிஜத்தில் முகம் இவ்வளவு சுலபமான கணக்கில் வருவதில்லை, இது புரிந்துகொள்வதற்கு ஒரு விளையாட்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். யாருக்கு யார் ஜோடி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தாள். அங்கேதான் வந்தது வினை.

வகுப்பில் அன்று நடந்தது அவளே எதிர்பாராதது. கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட மூடியைச் சுண்டிவிட்டுத் தரையில் தேடிக்கொண்டிருந்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று வாய்க்கு வந்த பாஷையில் சண்டை. எங்களுக்கு ஏன் கன்னக்குழி வரவில்லை என்று ஒரு ஜோடி வந்து நியாயம் கேட்டது. இரண்டு பேரிடமிருந்தும் சின்ன எழுத்தே வந்தால்தான் ஒடுங்கு பண்பு வெளியே தெரியும் என்பது, போன வருஷம் வரை மனப்பாடம் செய்தும் நிற்காத வரி, அன்றைக்கு எல்லார் வாயிலும் சாதாரணப் பேச்சாக வந்தது. அவள் சந்தோஷத்தில், குழந்தைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டச் சொன்னாள்.

அனிதா என்ற பெண் கொண்டுபோன குழந்தைக்குக் கன்னக்குழி, சுருட்டை முடி, ஒட்டாத காது மடல். அவள் அப்பா முனிவேல் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, மிச்சமிருந்த இடத்தில் வரிசையாக லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டு, பின்பக்கம் மாடு வைத்திருந்தார். அனிதாவின் அம்மா வெங்கடம்மா அவருக்குச் சொந்த அக்கா மகள். மூத்த பையன் விஜயகுமாருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறான், கை வேகமென்று அங்கே நல்ல பெயர். இருந்தாலும் வீட்டில், வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தன்று வெங்கடம்மா வெளியே போனதுதான் காரணம் என்று ஆரம்பத்திலேயே தீர்ப்பாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு தடவை வாசிக்கப்படும்.

வெங்கடம்மா காகிதக் குழந்தையைப் பார்த்து, லட்சணமா இருக்குது என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். முனிவேலுக்கும் பிடித்துவிட்டது. மூக்கு எங்க வம்சத்து மூக்கு என்றார். மூக்குக்கு மூடியே கிடையாது, அனிதா தன்னிஷ்டத்துக்கு வரைந்தது. வந்த உறவுக்காரர்களும் ஆளுக்கொரு ஜாடை கண்டுபிடித்தார்கள். ஒருவர் நெற்றி தன்னுடையது என்றார். இப்படி இரண்டு நாள் பெருமையாகப் போன பிறகுதான், இதுக்கு அப்பன் யாரு என்று முனிவேலுக்குக் கேட்கத் தோன்றியது. அனிதா, கந்தன் என்று சொன்னாள். எந்தக் கந்தன் என்று விசாரித்ததில், மூன்றாவது தெருவில் குடியிருக்கும், லேத் பட்டறையில் வேலை செய்கிற ஒருவரின் மகன் என்று தெரிந்தது. எந்த ஊர், என்ன ஜனம் என்பதும் அடுத்த நிமிஷமே தெரிந்தது. குழந்தை ஃபிரிட்ஜிலிருந்து இறங்கியது.

மறுநாள் முனிவேல் பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தலைமை ஆசிரியர் திருமலை அறையில் உட்கார்ந்து, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜெயப்ரியாவைக் கூப்பிடச் சொன்னார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. காயிதந்தான், எனக்குத் தெரியுது. ஆனா வூட்டுக்கு நாலு பேரு வர்றாங்க. யாரு கொழந்தன்னு கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

அது குழந்தை இல்லை, நிகழ்தகவு என்று ஜெயப்ரியா சொல்லிப் பார்த்தாள். நிகழ்தகவோ என்னவோ, பேர் போட்டு எழுதியிருக்குதே என்றார் அவர். அதுவும் உண்மைதான். பிள்ளைகள் குழந்தைக்குக் கீழே அம்மா, அப்பா பெயரைப் பூப்போட்டு எழுதியிருந்தார்கள்.

முனிவேல் போன பிறகு திருமலை சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஓய்வு பெற அவருக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது, அதுவரை ஒரு புகாரும் வராமல் போய்விட வேண்டும் என்பது அவர் வேண்டுதல். வழி கண்டுபிடிக்க முயன்றார். பெண்ணுக்குப் பெண்ணையே ஜோடி போட்டுவிடலாமே என்றார். அப்படிக் குழந்தை பிறக்காது சார் என்றாள் ஜெயப்ரியா. சரி, எல்லாரையும் அண்ணன் தங்கை என்று வைத்துக்கொண்டால் யார் மனசும் புண்படாதே என்றார். அதிலுள்ள சிக்கலை அவள் விளக்க ஆரம்பித்ததும் அவரே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கடைசியில், மனுஷரே வேண்டாம், மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாட்டுக்கு யாரும் வந்து சண்டை போட மாட்டார்கள்.

ஜெயப்ரியாவுக்கு அன்று முழுக்கக் கோபம். ராஜினாமாக் கடிதம் எழுதுவது போலக்கூட நினைத்துப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய், அதே மூடிகளை எடுத்து வைத்துக்கொண்டு, கன்னக்குழியை அழித்துக் கொம்பு என்று எழுதினாள். சுருட்டை முடியைக் கறுப்புத் தோல் ஆக்கினாள். கோபமும் இருந்தது, கை வேலையும் நடந்தது. அவள் சுபாவமே அதுதான்.

மாடு அமோகமாக ஓடியது. காளைக்கு ஒரு செட் மூடி, பசுவுக்கு ஒரு செட். பிள்ளைகள் கன்றுக்குட்டிகளை வரைந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எந்த வீட்டிலும் ஒரு கேள்வி வரவில்லை. முனிவேலோ தானாகவே பள்ளிக்கு வந்து, மாட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் தான் நாலு வார்த்தை பேசட்டுமா என்று கேட்டார். திருமலை சாருக்குப் பரம திருப்தி. புகார் கொடுத்தவரே பொன்னாடை இல்லாமல் வந்து பேசுகிறார்.

வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்று முனிவேல் நன்றாகவே பேசினார். நாட்டு மாட்டைக் குறைத்துப் பேசவில்லை, ஆனால் கறப்பது இரண்டு லிட்டர் என்றார். எங்கோ சீமையில் இருக்கிற காளையின் சினை ஊசியைப் போட்டால், பிறக்கிற பெண் கன்று, அந்தக் கிடேரி, வளர்ந்து குடம் நிறையக் கறக்கிறது. "கலக்கணும் பசங்களா. கலந்தாத்தான் பலம். வம்சம் சுத்தமா இருக்கணும்னு கட்டிவச்சா மாடு வெறும் மாடாத்தான் நிக்கும்" என்றார்.

 ஜெயப்ரியா கையிலிருந்த சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனிவேலின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் மாட்டைப் பற்றித்தான் பேசினார்.

அப்போது ஒரு பையன் எழுந்தான். நல்ல காளை ஒன்று கிடைத்துவிட்டால், அதே ஊசியையே அதன் மகளுக்கும் போட்டால் இன்னும் நன்றாக வராதா என்று கேட்டான். முனிவேல் பூரித்துப்போனார். இப்படித்தான் விவரம் தெரியாத காலத்தில் தானும் ஒரு தடவை செய்துவிட்டதாகவும், பிறந்த கன்று எழுந்து நிற்கவே இல்லை என்றும் சொன்னார். அன்றிலிருந்து ஊசி போட வருகிறவரிடம் வேறு காளையா என்று கேட்காமல் விடுவதில்லை. "நல்ல கேள்வி கேட்டே தம்பி. உன்னாட்டம் புத்தி இருக்கிற பையன் எந்த வூட்ல இருந்தாலும் அந்த வூடு உருப்படும்" என்றார். பின் வரிசையில் யாரோ இருமினார்கள். அனிதா குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். அந்தப் பையன் கந்தன் என்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.

ஒரே ரத்தம் ஏன் ஆகாது என்பதை டீச்சரம்மா சொல்வார்கள் என்று முனிவேல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெயப்ரியா மூடிகளை எடுத்தாள். கெட்ட எழுத்து ஒன்று ஒளிந்து இருக்கலாம், ஒன்றாக இருக்கிறவரை அது வெளியே தெரியாது, ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டிடமும் அதே எழுத்து இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டும் சேர்ந்து விழுந்தால்தான் ஆபத்து என்று காட்டினாள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் ஆகக்கூடிய வாய்ப்பு கூடுகிறது என்றாள்.

அனிதா எழுந்து நின்றாள். அப்பாவைப் பார்க்காமல் டீச்சரை மட்டும் பார்த்துக் கேட்டாள். "மிஸ், மனுசங்களுக்கும் இப்பிடித்தானா?"

ஜெயப்ரியாவுக்கு அந்த வீட்டு விஷயம் தெரியும். இத்தனை வருஷமாக அவள் வேகமாகத் தாண்டிப்போன பத்தி, இப்போது வெள்ளைச் சட்டை போட்டு எதிரே உட்கார்ந்திருந்தது. பாடத்தில் இல்லை, உட்கார் என்று சொல்லிவிடலாம். அவர் தலை குனியாமல் இருக்க வேறு ஒரு வழியும் இருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மனுசங்களுக்கும் இதேதான். நானே என் அத்தை பையனைத்தான் கட்டியிருக்கேன். என் பையன் பொறக்குற வரைக்கும் நான் சரியாத் தூங்கல" என்றாள்.

வகுப்பு அதிர்ந்துபோகும் என்று நினைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எங்க வூட்லயும் சொந்தம்தான் மிஸ் என்று ஒரு கை உயர்ந்தது, பிறகு இன்னொன்று. பாதி வகுப்பு கை தூக்கியது. தன் ரகசியம் இவ்வளவு சாதாரணமானது என்பது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. முனிவேல் கை தூக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்த பிறகு, வண்டி நிறுத்துமிடத்தில் அவளுக்காகக் காத்திருந்தார். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, விஜயகுமாரைப் பற்றிக் கேட்டார்.

"அப்ப கிரகணம் இல்லீங்களா?"

"இல்லீங்க. கிரகணத்தால காது போகாது. சோதிச்சுப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா நான் வகுப்புல சொன்ன மாதிரி இருந்தா, அந்தக் கெட்ட எழுத்து உங்ககிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட ஒண்ணு. ரெண்டு பேருக்கும் பங்கு சமம். யார் மேலயும் தப்பு இல்லீங்க."

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, அந்தக் கேள்வி கேட்ட பையன் யாரு வூட்டுப் பையன் என்று கேட்டார். ஜெயப்ரியா ஒரு கணம் யோசித்துவிட்டுக் கந்தன் என்றாள். முனிவேல் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, பையன் மாட்டப் பத்தி நல்லாத்தான் கேட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அன்று நடந்ததை அனிதாதான் மறுநாள் வந்து சொன்னாள். அப்பா சாப்பிட உட்கார்ந்தாராம். கிரகணம் ஒன்றும் செய்யவில்லையாம், டீச்சர் சொன்னார்கள் என்று சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம். பிறகு ரசம் ஊற்றச் சொன்னாராம். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாளாம். விஜயகுமார் பிறந்ததிலிருந்து சுமந்ததை இறக்கி வைக்க அவளுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை என்று அனிதா சொன்னாள்.

ஜெயப்ரியா வகுப்பில் சொன்னது ஊருக்குள் சுற்றி, கம்பெனி கேன்டீன் வழியாக ஆனந்தின் காதுக்குப் போனது. ஷிஃப்ட் முடிந்து வந்தவன் சட்டையைக் கழற்றாமலே, எங்கிட்ட ஏன் சொல்லல என்று கேட்டான். அத்தையை இழுத்துப் பேசப்போகிறான் என்று அவள் தயாரானாள். அவனோ, அந்த மாசங்களில் தானும் போனில் அதையேதான் தேடிப் படித்ததாகவும், அவள் பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை என்றும் சொன்னான். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பையன் அந்த நேரம் பார்த்து உள்ளே எதையோ கீழே தள்ளினான்.

முனிவேலிடம் விஞ்ஞானம் வேலை செய்தது, தன் அளவுக்கு. சொந்தத்தில் பெண் கொடுக்கக் கூடாது என்று போகிற கல்யாணத்திலெல்லாம் பேச ஆரம்பித்தார். அனிதா தன் மகனுக்குத்தான் என்று நம்பியிருந்த அவருடைய தங்கை பேச்சை நிறுத்திக்கொண்டாள். மூடியெல்லாம் வைத்து அவரே விளக்குகிறார் என்று கேள்விப்பட்டு ஜெயப்ரியா உள்ளுக்குள் பூரித்தாள். ஒருநாள் வழியில் பார்த்தபோது, அனிதா படிப்பு முடியட்டும், பிறகு கோலார் பக்கம் பார்க்கலாம் என்றிருக்கிறேன் என்றார். நம்ம ஜனந்தான், ஆனா தூரம், ரத்தம் கலக்காது என்றார். ரத்தம் கலக்க வேண்டும் என்பதுதானே பாடம் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்திலிருந்த திருப்தியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மாட்டுக்குக் கடல் தாண்டிப் போகிறவர், மகளுக்குக் கோலார் வரை வந்திருக்கிறார். அதுவே நல்ல தூரம்தான்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முனிவேலே எழுந்து, தாய்மார்களுக்கும் டீச்சர் இந்தப் பாடத்தை ஒரு சனிக்கிழமை எடுக்க வேண்டும் என்றார். ஒரு நிபந்தனை, மாட்டை வைத்துத்தான் எடுக்க வேண்டும். திருமலை சார் உடனே தீர்மானம் போட்டார். கால்நடை வளர்ப்பு விழிப்புணர்வு முகாம் என்று போர்டு எழுதினார்கள்.

வந்தவர்களில் மாடு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் லைன் வீட்டுக்காரர்கள், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். மாடு கட்ட அவர்களுக்கு வாசலே கிடையாது. வெங்கடம்மா முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். ஜெயப்ரியா காளை, பசு என்றே பேசினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி, தன் பசு அதன் மாமன் மகனுக்கே போயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். பசுவுக்கு ஏது மாமன் மகன் என்று யாரும் சிரிக்கவில்லை. டாக்டரிடம் போய் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளலாம் என்று ஜெயப்ரியா சொன்னாள். எந்த டாக்டர் என்று கேட்டதற்கு, மாட்டு டாக்டர் இல்லை என்று மட்டும் சொன்னாள்.

பிறக்கப்போவது காளைக்கன்றா கிடேரியா என்பதைத் தீர்மானிப்பது காளையின் பக்கத்திலிருந்து வருவதுதான், பசுவுக்கு அதில் கையில்லை என்று அவள் மூடி சுண்டிக் காட்டினாள். கம்பெனி யூனிஃபார்மோடு, ஷிஃப்ட்டுக்குப் போகிற வழியில் வந்திருந்த ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"எங்க பக்கத்து வூட்டு மாடு மிஸ். மூணும் கெடேரி. மாட்டுக்கு மாமியா இருக்குது, தெனம் அதையே திட்டுது."

மாட்டுக்காரர்களுக்குக் குழப்பம். மூன்றும் கிடேரி என்றால் கொண்டாட வேண்டியதுதானே என்று ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள். வெங்கடம்மா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள், அவள் புரிந்துகொண்டு வாயை மூடினாள். அந்த மாமியாரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள் ஜெயப்ரியா.

"கூட்டியாறேன் மிஸ். நீங்க மாட்டையே சொல்லுங்க. அதுக்கு மாடுன்னா ரொம்பப் பிரியம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.